ஜங்ஷனில் நிற்பவர் யார்?

(நம் சங்கத்தின் நாக்பூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன்.)



போன மாதம் நம் செக்ரட்டரி வீட்டுக்கு வந்து, "மாமா, இந்தத் தடவை நீங்கள் ஸயன்ஸ் ஏதாவது பேசுங்கோ. ஆனால் நாற்பது நிமிஷத்துக்கு மேல் போனால் காபி ஆறிவிடும்" என்றார். நான் 1971இல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன். அதன் பிறகு தபால் இலாகாவில் முப்பத்தேழு வருஷம். அதில் பெரும்பகுதி ஆர்.எம்.எஸ்., அதாவது ரயிலில் தபால் பிரிக்கும் பிரிவு. படித்த பௌதிகத்தையும் பார்த்த உத்தியோகத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் விஷயம் ஒன்று உண்டு என்பது ரிடையரான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு வலைப்பின்னல் விஞ்ஞானம் என்று பெயர். வியாதி எப்படிப் பரவுகிறது, தடுப்பூசியை யாருக்கு முதலில் போட வேண்டும் என்பதற்கு அது என்ன பதில் சொல்கிறது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நமக்குத் தெரிந்த ரயிலிலிருந்து தொடங்குகிறேன்.

நம் தேசத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்கள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைத் தொட்டு, "இன்று இந்த ஸ்டேஷன் கிடையாது" என்று சொன்னால் பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு பாசஞ்சர் வண்டி நிற்காமல் போகும், அவ்வளவுதான். ஆனால் 2015 ஜூன் 17ஆம் தேதி இட்டார்சியில் சிக்னல் கேபின் தீப்பிடித்து எரிந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்த மாதம் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்திருப்பீர்கள். ஒரே ஒரு கேபின்தான். ஒரு மாதத்துக்கு மேல், நூற்றுக்கணக்கான வண்டிகள் ரத்தாயின. டில்லியிலிருந்து சென்னைக்குப் போகும் வண்டியும் மும்பையிலிருந்து அலகாபாத் வழியாகப் போகும் வண்டியும் அங்கே சந்திக்கின்றன. ஆகவே இட்டார்சி நின்றால் தேசத்தில் பாதி நின்றது போல.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. எல்லா ஸ்டேஷனும் சமமல்ல. சராசரியாக ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை வண்டி என்று கணக்குப் போட்டால் இட்டார்சியின் மகிமை அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். வியாதிக் கணக்கிலும் ரொம்ப நாள் இப்படித்தான் மறைந்திருந்தது.

தொற்றுநோய்க்குக் கணிதச் சமன்பாடு எழுதியவர்களில் முக்கியமானவர்கள் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர். 1927இல் எடின்பரோவிலிருந்து அவர்கள் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. மெக்கென்ட்ரிக் நம் தேசத்தில் இந்திய மருத்துவ சர்வீஸில் இருந்தவர். ஹிமாசலத்தில் கசௌலி பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் தலைவராக இருந்தவர். கெர்மாக் ரசாயனக்காரர். பரிசோதனைச் சாலையில் நடந்த ஒரு விபத்தில் பார்வையை இழந்த பிறகுதான் இந்தக் கணிதத்தைச் செய்தார். தங்கள் சமன்பாடு சரிதானா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905-06இல் பம்பாயில் பிளேக் நோயால் வாராவாரம் இறந்தவர்களின் கணக்கு.

அவர்கள் மக்களை மூன்று பெட்டியாகப் பிரித்தார்கள். நோய் வரக்கூடியவர்கள், நோய் வந்திருப்பவர்கள், குணமாகியோ இறந்தோ கணக்கிலிருந்து விலகியவர்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதே முக்கியமான எண். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பரவும். ஒன்றுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். ஒருவர் நான்கு பேருக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். நான்கில் மூன்று பேருக்குத் தடுப்புச் சக்தி இருந்தால் மீதி ஒருவருக்குத்தான் போகும். ஆக 75 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி போட்டால் போதும். தட்டம்மை 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. அதனால்தான் அதற்கு 95 சதவீதம் வேண்டும் என்று டாக்டர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ரஸத்தில் உப்பு கரைந்திருப்பது போல மக்கள் எல்லோரும் எல்லோரோடும் சமமாகக் கலந்திருக்கிறார்கள் என்பதுதான் அது. நாம் அப்படியா இருக்கிறோம்? ரிடையரான நான் ஒரு நாளில் ஆறு பேரைப் பார்த்தால் அதிகம். நம் பேட்டைக் காய்கறிக்காரர் அறுநூறு பேரைப் பார்க்கிறார். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 303 என்று சொன்னால், அப்படி ஒரு மனிதர் ஊரில் கிடையாது.

வலைப்பின்னல் விஞ்ஞானம் இந்த இடத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு மனிதரையும் ஒரு புள்ளியாக வையுங்கள். யார் யாரோடு பழகுகிறாரோ அவர்களுக்கிடையே ஒரு கோடு போடுங்கள். ஆர்.எம்.எஸ்.ஸில் எங்கள் சுவரில் மாட்டியிருந்த ரயில் மேப் போல ஒரு படம் வரும். 1999இல் பராபாசி, ஆல்பர்ட் என்ற இரண்டு பௌதிக விஞ்ஞானிகள், இன்டர்நெட் போன்ற பல வலைகளில் பெரும்பாலான புள்ளிகளுக்குச் சில கோடுகளே இருக்கும், ஒரு சில புள்ளிகளுக்கு மட்டும் ஏராளமான கோடுகள் இருக்கும் என்று எடுத்துக் காட்டினார்கள். அந்தச் சிலவற்றை நான் ஜங்ஷன் என்று சொல்கிறேன்.

2001இல் பாஸ்டர்-சடோராஸ், வெஸ்பிஞானி என்ற இருவர் கம்ப்யூட்டர் வைரஸ் பரவுவதை ஆராய்ந்தபோது ஒன்றைக் கண்டார்கள். மிகப் பெரிய ஜங்ஷன்கள் உள்ள வலையில், மிகவும் பலவீனமான வைரஸ் கூட அணையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தடுப்பு கொடுத்தாலும், விட்டுப்போன இரண்டு பேரில் ஒருவர் ஜங்ஷனாக இருந்தால் போதும், நோய் அவர் வழியாக மறுபடி ஓடும். அதே சமயம் ஜங்ஷன்களை மட்டும் தேடித் தடுத்தால், மிகச் சிலருக்குப் போட்டே வலையைத் துண்டு துண்டாக்கிவிடலாம். மனிதர்களின் பழக்கம் அப்படியே இன்டர்நெட் மாதிரி இல்லைதான். ஆனாலும் ஜங்ஷன்கள் உண்டு என்பது நிச்சயம்.

"மாமா, இதெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கும், ஊரில் நடக்குமா?" என்று கேட்கலாம். ஊரில் நடந்த பிறகுதான் கம்ப்யூட்டரிலேயே நடந்தது.

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை வந்தது. அங்கே இருந்த அமெரிக்க டாக்டர் வில்லியம் ஃபேகியிடம் இருந்த மருந்து எல்லோருக்கும் போதாது. அவர் என்ன செய்தார்? அந்தப் பகுதி மிஷனரிகள் மாலையில் ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசுவது வழக்கம். அவர்கள் மூலம் எந்தெந்தக் கிராமத்தில் அம்மை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த வீடுகளைச் சுற்றி மட்டும், பிறகு அவர்கள் போய்வரும் சந்தைகளிலும் ஊர்களிலும் மட்டும் ஊசி போட்டார். நோய் நின்றுவிட்டது. ஜனத்தொகையில் பெரும்பகுதியைத் தொடவே இல்லை.

நம் தேசத்தில் 1974இல் மட்டும் சுமார் 1,88,000 பேருக்குப் பெரியம்மை வந்தது. சுமார் 31,000 பேர் இறந்தார்கள். பிஹாரில் நிலைமை மிக மோசம். ஜாம்ஷெட்பூருக்கு வேலை தேடி வந்தவர்கள் அம்மையோடு டாடாநகர் ஸ்டேஷனில் ரயிலேறித் தங்கள் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். பல மாநிலங்களில் தோன்றிய அம்மையை விசாரித்துக்கொண்டே போனால் அந்த ஒரே ஊரில் போய் நின்றது. டாடா நிறுவனம் ஆளும் வண்டியும் கொடுத்தது. ஊரை விட்டுப் போகிறவர்கள் அம்மை குத்திக்கொண்டே போக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அந்த வருஷம் நான் ஹௌரா மெயிலில் தபால் வேனில் போய்க்கொண்டிருந்தவன். டாடாநகர் பிளாட்பாரத்தில் ஒரு சின்னப் பையன் என் கையைப் பிடித்து இருமுனை ஊசியால் குத்திவிட்டு, பெயர் கூடக் கேட்காமல் அடுத்தவரிடம் போய்விட்டான். எதற்காக என்னைப் பிடித்தான் என்பது எனக்கு முப்பது வருஷம் கழித்துத்தான் விளங்கிற்று. பல ஊர்த் தபாலோடு பல ஊருக்கும் போகிறவன் நான். அவன் பிடித்தது ஒரு ஜங்ஷனை.

வீடு வீடாகத் தேடினார்கள். அம்மை கண்ட வீட்டைச் சொன்னவருக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குக் காவல் போட்டு, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி குத்தினார்கள். 1975 மே மாதம் அஸ்ஸாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில், பங்களாதேஷிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கண்டதுதான் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை. அதுவும் ரயில் நிலையத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். 1980இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அம்மை வந்தவரைக் கண்ணால் பார்க்கலாம். ஜங்ஷன் யார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் எல்லோருடைய பழக்கத்தையும் எழுதிப் படம் போட யாராலும் முடியாது. இதற்கு 2003இல் கோஹன், ஹாவ்லின், பென்-அவ்ரஹாம் என்ற மூவர் ஒரு சுலபமான வழி சொன்னார்கள். யாராவது ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அவருக்கு ஊசி போடாதீர்கள். "உமக்குப் பழக்கமான ஒருவர் பெயரைச் சொல்லும்" என்று கேட்டு, அவருக்குப் போடுங்கள்.

இது என்ன வேடிக்கை என்று தோன்றும். நம் வீட்டுக் கணக்காகவே பார்ப்போம். ஓர் அபார்ட்மென்டில் பத்துக் குடித்தனம். ஒவ்வொருவருக்கும் எதிர் வீட்டுக்காரர் ஒருவர் பழக்கம். பத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு சாஸ்திரிகள். ஆக மொத்தம் பதினொரு பேர். சீட்டுக் குலுக்கினால் சாஸ்திரிகள் பெயர் வருவதற்குப் பதினொன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஆனால் சீட்டில் வந்தவரைக் கேட்டால்? பதினொன்றில் பத்துத் தடவை வீட்டுக்காரர் ஒருவர் வருவார். அவருக்குத் தெரிந்தவர்கள் இருவர், எதிர் வீட்டுக்காரரும் சாஸ்திரிகளும். பாதித் தடவை அவர் சாஸ்திரிகள் பெயரைத்தான் சொல்வார். ஆக வாய்ப்பு பதினொன்றில் ஐந்தாகிவிட்டது. ஐந்து மடங்கு! எல்லோருடைய டெலிபோன் டைரியிலும் இருக்கிற பெயர் யாருடையதோ அவர்தான் ஜங்ஷன். 1991இல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலார், சராசரியாக நம்மைவிட நம் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம் என்று நிரூபித்ததும் இதே கணக்குத்தான். 2009இல் ஹார்வர்ட் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். குலுக்கி எடுத்த மாணவர்களைவிட, அவர்கள் நண்பர்கள் என்று சொன்ன மாணவர்களுக்கு அந்த வருஷத்துப் பன்றிக் காய்ச்சல் சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே வந்தது.

இனி நான் சொல்லப்போவதை மேடையில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மனைவி, "சொல்லுங்கோ, சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

2021 மார்ச் 13ஆம் தேதி, மாசி அமாவாசை. நாக்பூரில் கொரோனா ஏறிக்கொண்டிருந்தது. பதினைந்தாம் தேதியிலிருந்து ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு மார்ச் ஒன்றாம் தேதியே ஊசி ஆரம்பித்துவிட்டதால், நானும் முதல் ஊசி போட்டுக்கொண்டு தைரியமாக இருந்தேன். எங்கள் சாஸ்திரிகள் முதல் நாள் போன் பண்ணி, "மாமா, லேசாகத் தொண்டை கரகரப்பாக இருக்கு. போனிலேயே மந்திரம் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான், "பித்ரு காரியத்தைப் போனில் பண்ணுவதா? வெந்நீர் குடித்துவிட்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்துவிடும்" என்றேன். வந்தார். எங்கள் வீட்டுக்கு மட்டுமா? அன்று அவருக்கு எட்டு வீடு.

பத்து நாளில் அந்த எட்டில் நான்கு வீடுகளில் ஜுரம். என் வீட்டில் எனக்கு லேசாக வந்து போயிற்று. சாஸ்திரிகள் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்துக்கொண்டு கிடந்து பிழைத்து வந்தார். அடுத்த தெருவில் என்னோடு தினமும் வாக்கிங் வந்த என் சிநேகிதர் திரும்பி வரவில்லை.

யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. சாஸ்திரிகள் அதைக் கொண்டுவந்தாரா, அல்லது எங்கள் எட்டு வீடுகளில் ஒன்றிலிருந்து அவர் வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனாரா? இரண்டாவதும் அதே அளவு சாத்தியம். ஜங்ஷனில் நிற்பவர் குற்றவாளி அல்ல. எல்லாத் திசையிலிருந்தும் வருவதை முதலில் வாங்கிக்கொள்பவர் அவர்தான். அவருக்கு அப்போது வயது 43. அவருடைய வயதுக்காரர்களுக்கு மே ஒன்றாம் தேதி வரை ஊசி கிடையாது. ஆறு பேரைப் பார்க்கும் எனக்கு ஊசி இருந்தது, எட்டு வீடு ஏறி இறங்கும் அவருக்கு இல்லை.

அதற்காக முதியோருக்கு முதலில் போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. நோய் வந்தால் இறக்கும் அபாயம் நமக்குத்தான் அதிகம். அந்த ஊசிகள் நோய் முற்றாமல் தடுப்பதில் கெட்டி. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவதைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டியில்லை. அப்படிப்பட்ட ஊசிக்கு, மரணத்தைக் குறைக்க வேண்டுமானால் முதியோருக்கே முதலிடம் என்றுதான் கணக்குகளும் காட்டின. ஊசி பரவலையே நன்றாகத் தடுக்குமானால் ஜங்ஷனுக்கு முதலிடம். எந்த ஊசி எதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்று, பெரியம்மை உடம்பில் தெரிவதற்கு முன் அநேகமாகப் பரவாது. ஆகவே வளையம் கட்டிப் பிடிக்க முடிந்தது. கொரோனா அறிகுறிக்கு முன்பே பரவிவிடும். ஃபேகியின் வழி அங்கே முழுசாகப் பலிக்காமல் போனதற்கு அதுவே காரணம்.

ஆனாலும் கொரோனாவிலும் ஜங்ஷன் இருந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் 84,965 நோயாளிகளையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் தேடிப்பிடித்து ஆராய்ந்த முடிவுகள் 2020இல் வெளியாயின. நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக் கூடத் தொற்று காணப்படவில்லை. அதாவது பரவலில் பெரும்பங்கு மீதிச் சிலர் வழியாக நடந்தது. அந்த வருஷம் மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காய்கறி லாரி போன வழியே வியாதியும் போயிற்று.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1962இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டு வந்தார்கள். 1987இல் கட்டாயத்தைத் தளர்த்தி, 1994இல் திட்டத்தையே நிறுத்தினார்கள். அந்தத் திட்டம் நடந்த காலத்தில் வருஷத்துக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள், பெரும்பாலும் வயதானவர்களுடையவை, தவிர்க்கப்பட்டன என்று 2001இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கை அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் தத்துவம் சரியானது. ஊசி பேரன் கையில், பிழைத்தது தாத்தா.

ஆகவே சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள் வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளையும் ஒரு கூட்டத்தில் அந்தக் கோஹன் வழியைச் செய்து பார்க்க வேண்டும். "போன வாரம் உங்கள் வீட்டுக்குள் வந்த ஒருவர் பெயரை எழுதுங்கள்" என்று துண்டுக் காகிதம் கொடுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சாஸ்திரிகள், சமையல்கார மாமி, பாத்திரம் தேய்க்கும் அம்மாள், டிரைவர், பிஸியோதெரபிப் பையன் என்றுதான் இருக்கும். கிளைச் செக்ரட்டரி பெயரும் வரலாம்.

இரண்டாவது, அவர்கள் சம்மதித்தால், டாக்டரின் ஆலோசனைப்படி வருஷா வருஷம் ஃப்ளூ ஊசிச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். ஃப்ளூ ஊசி நூற்றுக்கு நூறு தடுக்காது. ஆனாலும் ஜங்ஷனில் பாதி தடுத்தால் கூட எத்தனை வீட்டுக்கு லாபம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய ஊசியை நாம் போட்டுக்கொள்வது தனி.

மூன்றாவதுக்குப் பணமும் அதிகம் வேண்டாம், விஞ்ஞானமும் வேண்டாம். உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்தவருக்கு அன்றைய தக்ஷிணையையோ சம்பளத்தையோ குறைக்காமல் கொடுத்துவிட வேண்டும். ஜுரத்தோடு எட்டு வீடு ஏறி இறங்குவதை யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. ஒரு வீட்டைத் தவறவிட்டால் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம்தான் அவர்களை நடக்க வைக்கிறது. அந்தப் பயத்தைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் சாஸ்திரிகள் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். போன ஆடி அமாவாசைக்கு முதல் நாள் போன் பண்ணி, ஜலதோஷம் என்றார். "வர வேண்டாம், போனிலேயே சொல்லும், நான் பண்ணிக்கொள்கிறேன்" என்றேன். தர்ப்பணம் குறைவில்லாமல் நடந்தது. சாயங்காலம் தக்ஷிணையைப் பேரன் மூலம் அனுப்பி வைத்தேன். பித்ருக்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.